வாத்தியார் என்னும் நாடகாசிரியர்

நாடகம் இயற்றுகிறவரைக் குறிக்க இன்று தமிழில் வழங்கும் சொற்களுக்குப் பஞ்சமில்லை. நாடகாசிரியர் என்றும், நாடக எழுத்தாளர் என்றும், சிறு பத்திரிகைகளின் வழக்கில் பிரதியாளர் என்றும் அவரைக் குறிப்பிடுகிறோம். ஆனால் நாடகம் ஒன்றையே ஜீவனமாகக் கொண்டு, ஊர் ஊராகக் கொட்டகை போட்டு வாழ்ந்த கம்பெனிகளின் காலத்தில், திரைக்குப் பின்னால் அந்த மனிதருக்கு வழங்கிய பெயர் வாத்தியார் என்பதே. உபாத்தியாயர் என்னும் வடசொல் மக்கள் நாவில் தேய்ந்து உருவான இச்சொல், திண்ணைப் பள்ளியில் அரிச்சுவடி சொல்லிக் கொடுத்தவரையும், களத்தில் சிலம்பம் கற்றுக் கொடுத்தவரையும் எவ்வாறு குறித்ததோ, அவ்வாறே, கதையும் பாட்டும் வசனமும் புனைந்து, புனைந்தவற்றைப் பாலர்களின் நாவிலும் நடையிலும் ஏற்றி, அவர்களை மேடைக்கு அனுப்பி வைத்தவரையும் குறித்தது. எழுதுகிறவர் ஒருவர், கற்பிக்கிறவர் வேறொருவர் என்ற பிரிவினையை அந்த வழக்கு அறியாது.

தமிழின் இலக்கண மரபும் ஏறக்குறைய இதே கருத்தை வேறொரு வழியில் கொண்டிருக்கிறது. ஆசிரியர் என்ற ஒரே சொல் நூல் செய்தவருக்கும் உரியது. மாணாக்கருக்குப் பாடம் சொல்பவருக்கும் உரியது. நூலாசிரியர், உரையாசிரியர், போதகாசிரியர் என்று வகை பிரித்தார்களே தவிர, மூவருக்கும் பொதுவான அந்தப் பெயரை மாற்றவில்லை. பிற நூல்களில் இம்மூவரும் வெவ்வேறு நூற்றாண்டுகளில் வாழ்ந்தவர்களாகவும் இருக்கலாம். நாடகத்திலோ மூன்று பொறுப்பும் ஒரே ஆளிடம், ஒரே கூடத்தில், ஒரே மாதத்தில் வந்து கூடின. எழுதியவரே தாம் எழுதியதன் பொருளை நடிகனுக்கு விளக்கினார். விளக்கியது அவன் உடலில் படியும் வரை பயிற்றினார். நாடகம் ஏட்டில் ஒரு தடவையும் நடிகனிடத்தில் மறு தடவையும் இயற்றப்படுகிறது என்பதும், இரண்டாவது இயற்றலைச் செய்யாதவர் பாதி நாடகமே செய்தவராகிறார் என்பதும் வாத்தியார் என்ற பிரயோகத்துக்குள் அடங்கியிருக்கும் அபிப்பிராயம். அது சரியான அபிப்பிராயம் என்றே கருதுகிறேன். நம் நாடக சரித்திரங்கள் முதல் இயற்றலை மட்டும் கணக்கில் எடுத்துக்கொண்டு, இரண்டாவதை ஒத்திகை என்ற சில்லறைத் தலைப்பில் ஒதுக்கி வந்திருப்பது எனக்குப் பெரும் குறையாகவே படுகிறது.

இந்தப் பெயருக்கு முழு உரிமை பெற்றவர் என்று ஒருவரைச் சுட்டச் சொன்னால், சங்கரதாஸ் சுவாமிகளையன்றி வேறு எவரையும் சுட்ட இயலாது. 1867இல் தூத்துக்குடிப் பக்கத்துக் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்து, பழனி தண்டபாணி சுவாமிகளிடம் தமிழ் கற்று, சில காலம் உப்பளத்தில் கணக்கு எழுதி, பின்னர் நாடகத்துக்கு வந்தவர் அவர். முதலில் நடிகராகவே மேடையேறினார். எமன், இரணியன், இராவணன் போன்ற வன்மையான வேஷங்கள் அவருக்கு உரியவை. புதுக்கோட்டையில் கஞ்சிரா மேதை மான்பூண்டியா பிள்ளையின் அன்புக்குப் பாத்திரமாகித் தாள ஞானத்தில் தேறினார். புலவராகவும், நடிகராகவும், லயம் அறிந்தவராகவும் இருந்த ஒருவர் வள்ளி வைத்தியநாதையர், அல்லி பரமேசுவரையர் முதலியோரின் சபைகளில் ஆசிரியராக அமர்ந்தபோது, தமிழ் நாடகத்துக்கு அதுவரை இல்லாத ஓர் ஒழுங்கு வந்தது. அந்தக் காலத்து வயது வந்த நடிகர்கள் மேடையில் தத்தம் சாமர்த்தியத்தைக் காட்டுவதற்காகக் கதையை மறந்து, எதிர்நடிகரைப் பாட்டாலும் கேள்வியாலும் மடக்குவதிலேயே இரவைப் போக்கிவிடுவார்கள். புராணப் பாத்திரங்கள் இருவர் பேசவேண்டிய இடத்தில் இரண்டு வித்துவான்கள் மல்லுக்கு நிற்பார்கள். எழுதிக் கொடுத்ததைப் பேசும் நடிகர்கள் வேண்டும் என்றால் அவர்களைச் சிறு வயதிலேயே உருவாக்கவேண்டும் என்ற தீர்மானத்துக்குச் சுவாமிகள் வந்ததன் பலனே, 1918இல் மதுரையில் தோன்றிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை. டி.கே.எஸ். சகோதரர்கள் என்று பின்னால் புகழடைந்த சங்கரன், முத்துசாமி, சண்முகம், பகவதி ஆகியோர் அவரிடம் பாடம் கேட்டது அச்சபையில்தான்.

பாடம் கேட்டது என்று சொல்வது அலங்காரத்துக்காக அன்று. கம்பெனிகளில் நடிகனுக்குரிய பாட்டும் வசனமும் சேர்ந்த பகுதிக்குப் பாடம் என்றே பெயர். பையனுக்குப் பாடம் கொடுத்தார்கள், பாடம் ஒப்பித்தான், பாடம் வராதவன் அடியும் வாங்கினான். ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன் என்று வேஷப் பெயர்களெல்லாம் ஆங்கிலத்தையும் வடமொழியையும் கலந்து வந்த கம்பெனியில், வேஷக்காரன் நெட்டுருச் செய்யவேண்டியது மட்டும் பள்ளிக்கூடச் சொல்லாகவே நின்றது. அபிமன்யு சுந்தரி நாடகத்தைச் சுவாமிகள் ஒரே இரவில் பாட்டும் வசனமுமாக எழுதி முடித்தார் என்னும் செய்தியைப் பலரும் வியந்து எடுத்துச் சொல்வார்கள். அந்த வேகம் வியப்புக்குரியதே. எனினும் மறுநாள் காலையில் தொடங்கி, எழுத்து வாசனையே அதிகம் இல்லாத சிறுவர்களின் வாயில் அந்தச் சந்தங்களை எழுத்துப் பிசகாமல் ஏற்றிய பொறுமை அதைவிடப் பெரிய ஆச்சரியம் என்பது என் எண்ணம். அதைப் பற்றி எவரும் கதை சொல்வதில்லை. எந்தப் பையனுக்கு எந்தச் சுருதி எட்டும், எவனுக்கு நீண்ட அடி மூச்சில் நிற்கும் என்பதைத் தெரிந்துகொண்டே அவர் எழுதியிருக்கவேண்டும். அவருடைய பாட்டுகளில் காணும் எதுகை மோனைச் செறிவு புலமையின் விளைவாயிருப்பதோடு, மனப்பாடத்துக்கு ஓர் உபகரணமாகவும் அமைந்திருக்கிறது. பக்கவாதம் தாக்கி வாய் பேசும் சக்தியை இழந்த பிறகும் சுவாமிகள் சபையைவிட்டு நீங்கவில்லை. 1922 நவம்பர் 13ஆம் நாள் அவர் புதுச்சேரியில் காலமானார். தமிழ் நாடகத் தலைமை ஆசிரியர் என்று பிற்காலத்தார் அவருக்குச் சூட்டிய பட்டத்தைக் கேட்போர், நாடகம் எழுதியவர்களுள் முதல்வர் என்று அதற்குப் பொருள் கொள்ளக்கூடும். பட்டத்தைச் சூட்டிய மாணவர்களின் செவியில் அது பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியர் என்னும் பொருளோடு சேர்ந்தே ஒலித்திருக்கும்.

அவருக்குப் பின்னரும் இந்த முறை நீடித்தது. கந்தசாமி முதலியார், ஜே.ஆர். ரங்கராஜுவின் நாவல்களை மேடைக்கு ஏற்றவாறு அமைத்துப் பாய்ஸ் கம்பெனிப் பிள்ளைகளுக்குச் சமூக நாடக நடிப்பைப் பயிற்றினார். நவாப் ராஜமாணிக்கம் பிள்ளை தம் தேவி பால வினோத சங்கீத சபையை ஒரு குருகுலம்போலவே நடத்தினார். இவற்றையெல்லாம்விட நான் முக்கியமாகக் கருதுவது ஸ்பெஷல் நாடகம் என்று பெயர் பெற்ற வழக்கத்தை. திருவிழாவுக்காக வள்ளி திருமணம் நடக்கிறது. வேலன் ஓர் ஊரிலிருந்தும், வள்ளி இன்னோர் ஊரிலிருந்தும், நாரதர் மூன்றாவது ஊரிலிருந்தும் அன்று மாலை வந்து இறங்குகிறார்கள். ஒத்திகை என்பதே கிடையாது. விடியும் வரை நாடகம் தடையின்றி நடந்தேறுகிறது. எல்லோரும் ஒரே வாத்தியார் பரம்பரையில் ஒரே பாடத்தைக் கேட்டிருக்கிறார்கள் என்பதைத் தவிர இதற்கு வேறு விளக்கமில்லை. மதுரையிலும் புதுக்கோட்டையிலும் காரைக்குடியிலும் திண்டுக்கல்லிலும் நடிகர் சங்கங்கள் இருந்து இந்த ஏற்பாட்டைக் காத்து வந்திருக்கின்றன. எழுதியவர் மறைந்து நூறாண்டு கடந்தும், அவர் அமைத்த பாடமே அறிமுகமற்ற நடிகர்களை ஒரே மேடையில் கூட்டுவிக்கிறது.

தொண்டைநாட்டுத் தெருக்கூத்திலும் ஜமா என்னும் கூத்துக் குழுவைப் பயிற்றுகிறவர் வாத்தியார்தான். ஆயினும் அங்கிருந்து கடல் தாண்டி ஈழத்துக்குப் போனால் இன்னும் செழுமையான ஒரு வழக்கைக் காண்கிறோம். மட்டக்களப்பின் வடமோடி, தென்மோடிக் கூத்துகளைப் பழக்குகிறவர் அண்ணாவியார். அவர் மத்தளம் கொட்டுவார், ஆட்டம் சொல்லிக் கொடுப்பார், தருக்களைப் பாடிக் காட்டுவார், வேண்டிய இடத்தில் பாட்டைச் சுருக்கியும் பெருக்கியும் கட்டுவார். ஊரில் கூத்துப் போடுவது என்று தீர்மானமானதும் முதலில் நடப்பது சட்டம் கொடுத்தல். அவரவர் பங்குக்குரிய பாட்டும் வசனமும் எழுதிய ஏட்டை அண்ணாவியார் கையால் பெற்றுக்கொள்ளும் சடங்கு அது. உழவர்களும் மீனவர்களும் பகல் வேலையை முடித்துக்கொண்டு இரவு இரவாக மாதக்கணக்கில் ஆடிப் பழகுவார்கள். ஆட்டம் ஒரு நிலைக்கு வந்ததும் சதங்கை அணி விழா நடக்கும், பிறகு வெள்ளுடுப்பு என்னும் ஒத்திகை ஆட்டம், அதன் பின்னரே களரி என்னும் ஆடுகளத்தில் அரங்கேற்றம். பல கூத்துகளுக்கு மூல ஏட்டை எழுதிய புலவர் வேறாக இருப்பார். சிலவற்றுக்கு அவர் பெயரே தெரியாது. ஊர் மக்களோ அந்தக் கூத்தை இன்ன அண்ணாவியாரின் கூத்து என்றே நினைவில் வைத்திருப்பார்கள். ஏட்டை எழுதியவரைவிட ஆட்டத்தை எழுப்பியவருக்கே கர்த்தா என்ற ஸ்தானத்தை ஊர் அளித்தது என்பது, நூலை முன்னிறுத்தும் பயிற்சி பெற்ற நம் கண்ணுக்கு முதலில் அநீதியாகத் தோன்றலாம். ஆனால் அந்தக் கூத்துகளை ஏட்டில் மட்டும் வாசித்துப் பார்த்தவர்களுக்கு ஊரின் தீர்ப்பில் இருக்கும் நியாயம் விளங்கும்.

பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் கர்ணன் போர், இராவணேசன் முதலிய கூத்துகளை நவீன மேடைக்குக் கொணர்ந்தபோது, வந்தாறுமூலைச் செல்லையா அண்ணாவியாரையே மாணவர்களைப் பழக்க அழைத்துக்கொண்டார். அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, 1956இல், அதே பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சரச்சந்திர சிங்கள நாடகமான மனமேயை ஆக்கியபோது, நாடகம் என்றே பெயர் பெற்ற சிங்களக் கூத்து மரபில் ஊறிய குணசிங்க குருன்னான்சேயின் துணையை நாடினார். குருன்னான்சே என்பதும் ஆசான் என்றே பொருள்படும். இரு மொழிகளிலும், தேர்ந்த கல்வியாளர்கள் ஒரு புதிய நாடகத்துக்கு வழி தேடிப் புறப்பட்டபோது, போய்ச் சேர்ந்த இடம் ஒரு வாத்தியாரின் வாசல்.

பழைய நூல்களில் இச்செய்தி எவ்வாறு இருக்கிறது என்று பார்த்தால், அங்கே தொழில்கள் சற்று விரிந்து பிரிந்திருக்கின்றன. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதை மாதவியின் கலைக்குத் துணைநின்ற ஆடலாசான், இசையாசான், தண்ணுமை, குழல், யாழ் வல்லோர் ஆகியோரின் இலக்கணத்தை ஒவ்வொன்றாக விரித்துரைக்கும்போது, பாட்டு இயற்றுகிறவனைத் தனியே புலவன் என்று வைக்கிறது. ஆனால் அவனும் அரங்கத்தாரின் வரிசையிலேயே நிற்கிறான், வெளியே நிற்கவில்லை. தஞ்சைப் பெரிய கோயிலில் 11ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சேர்ந்த ஒரு கல்வெட்டு, வைகாசித் திருவிழாவில் இராசராசேசுவர நாடகம் ஆடுவதற்காகச் சாந்திக்கூத்தன் திருவாலன் திருமுதுகுன்றனான விசயராசேந்திர ஆசாரியனுக்கும் அவன் வழியினருக்கும் நாள் ஒன்றுக்கு ஒரு தூணியாக ஆண்டுக்கு 120 கலம் நெல் அளிக்க ஏற்பாடு செய்கிறது. நாடகத்தை எழுதியவர் யார் என்பதைப் பற்றி அக்கல்வெட்டில் ஒரு சொல் இல்லை. ஆடியவனுக்கு ஆசாரியன் என்ற பட்டம் இருக்கிறது. நெல்லும் அவன் வம்சத்துக்கே போகிறது. வடமொழியில் நாடகம் எழுதுகிறவர் கவி, ஆட்டுவிப்பவர் நாட்டியாசாரியர் என்று பிரித்தே வழங்கினார்கள். எனினும் மாளவிகாக்னிமித்திரத்தில் கணதாசர், ஹரதத்தர் என்னும் இரு நாட்டியாசாரியர்களின் போட்டியைக் காளிதாசர் நடத்திக் காட்டும் இடத்தில், கலையைத் தன்னிடத்தே உடைமையும் அதைப் பிறரிடத்தே சேர்க்கும் வல்லமையும் வெவ்வேறு என்பதும், இரண்டும் உடையவரே ஆசிரியர்களில் தலையாயவர் என்பதும் பரிவிராஜிகை என்னும் துறவிப் பெண்ணின் வாயால் வெளிப்படுகின்றன. கவியாகிய அவர், கற்பிப்பவர் பக்கம் நின்று எழுதிய இடம் அது.

ஆயினும் எழுதுகிறவரையே ஆசிரியர் என்று பெயரிட்டு, அதை அரசாங்கப் பதிவேட்டிலும் ஏற்றிய பெருமை ஏதென்ஸ் நகரத்துக்கு உரியது. நாடகக் கவிக்கு அங்கே திதாஸ்கலோஸ் என்று பெயர். கற்பிப்பவர் என்பதே அதன் நேர்ப்பொருள். இன்ன ஆண்டில் இன்னார் போட்டியில் வென்றார் என்று எழுதிவைத்த பதிவுகளுக்குத் திதாஸ்கலியாய், அதாவது கற்பித்தல்கள், என்று பெயரிட்டார்கள். அரிஸ்டாட்டில் அவற்றைத் தொகுத்து ஒரு நூலே செய்தார். கவி ஒருவர் திருவிழாவில் நாடகம் போடவேண்டுமானால் ஆட்சி அதிகாரியிடம் சென்று தமக்கு ஒரு பாடற்குழுவை அருளும்படி வேண்டிக்கொள்வார்; துன்பியலுக்கு முதலில் 12 பேரும் பின்னர் 15 பேரும், இன்பியலுக்கு 24 பேரும் கொண்ட அக்குழுவினர் தொழில்முறை நடிகர்களாக இல்லாமல் நகரத்துப் பிரஜைகளாகவே இருந்தார்கள். செல்வர் ஒருவர் செலவை ஏற்க, கவி அவர்களுக்கு மாதக்கணக்கில் பாட்டும் ஆட்டமும் கற்பிப்பார். பாரசீகர்கள் நாடகத்தை எஸ்கிலஸ் கி.மு. 472இல் அரங்கேற்றியபோது செலவை ஏற்ற செல்வர், பின்னாளில் ஏதென்ஸின் தலைவராக விளங்கிய பெரிக்ளீஸ். எஸ்கிலஸ் தாமே ஆட்ட அடவுகளை அமைத்தார் என்றும், அவருக்கு முற்பட்ட தெஸ்பிஸ், ஃப்ரினிகஸ் போன்றோரை ஆட்டக்காரர்கள் என்றே அழைத்தார்கள் என்றும் பழைய குறிப்புகள் உண்டு. மட்டக்களப்புக் களரியை அறிந்த ஒருவருக்கு இந்த ஏற்பாடு எதுவும் அந்நியமாகப் படாது.

அந்தத் தொழிலின் பாரம் எத்தகையது என்பதற்கு அரிஸ்டோஃபனீஸ் சாட்சி. தம் முதல் நாடகங்களை அவர் காலிஸ்த்ரதஸ் என்பவரிடம் கொடுத்துக் கற்பிக்கச் செய்தார், கி.மு. 424இல் குதிரை வீரர்கள் நாடகத்தைத்தான் முதன்முதலில் தம் பெயரிலேயே குழுவைப் பெற்று மேடையேற்றினார். அந்நாடகத்திலேயே, இதுவரை ஏன் தயங்கினேன் என்று குழுவின் வாயால் அவர் சொல்லும் காரணம், இன்பியல் நாடகம் கற்பிப்பது எல்லாத் தொழில்களிலும் கடினமானது என்பது. எழுதுவது கடினம் என்று அவர் சொல்லவில்லை. பிற்காலத்தில் இந்த ஒற்றுமை குலைந்தது. கவிகள் மறைந்தார்கள், பழைய நாடகங்களைக் கையாண்ட நடிகர்கள் ஓங்கினார்கள், அவர்கள் தம் விருப்பப்படி வசனத்தை மாற்றினார்கள். கி.மு. 4ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் லிகர்கஸ் என்னும் அரசியல் தலைவர், எஸ்கிலஸ், சொஃபாக்ளீஸ், யூரிபிடீஸ் மூவரின் நாடகங்களையும் எழுதிப் பொதுக் காப்பில் வைக்கவும், நடிகர்கள் அதிலிருந்து பிறழாதிருக்கவும் சட்டம் செய்தார். ஆசிரியர் கூடத்தில் இருந்தவரை அந்தச் சட்டத்துக்கு அவசியம் நேரவில்லை. அவர் இல்லாதபோதுதான் ஏட்டுக்கு அதிகாரம் கொடுக்கவேண்டி வந்தது. ஏதென்ஸில் இன்றும் நிற்கும் லிஸிக்ரதீஸ் நினைவுச்சின்னம் கி.மு. 335-334ஆம் ஆண்டில் சிறுவர் குழு ஒன்று பெற்ற வெற்றிக்காக எழுப்பியது. செலவை ஏற்றவர், குழலூதியவர் ஆகியோரோடு லிஸியாதீஸ் கற்பித்தார் என்று அக்கல்லில் பொறித்திருக்கிறார்கள். பாட்டை இயற்றியவரும் அவர்தானா என்று நாம் கேட்கிறோம். கல் வெட்டியவருக்கு அப்படியொரு கேள்வியே எழவில்லை.

மேலை நாட்டின் பிற வழக்குகளைச் சுருக்கமாகவே சொல்லலாம். ஆங்கிலத்தில் பிளேரைட் என்ற சொல்லின் பிற்பகுதிக்கும் எழுதுதலுக்கும் சம்பந்தமில்லை. கப்பல் கட்டுகிறவன், வண்டிச் சக்கரம் செய்கிறவன் ஆகியோரைக் குறித்த தச்சுத் தொழிற்பெயர் அது. 1616இல் வெளியான தம் தொகுதியின் சிறு கவிதைகளில் பென் ஜான்சன் அதை ஏளனமாகவே ஆண்டார். தம்மைக் கவி என்று சொல்லிக்கொள்வதே அவருக்கு உவப்பு. ஏளனம் தேய்ந்து, இன்று அது மரியாதைக்குரிய பெயராகிவிட்டது. கைவினையின் மதிப்பை அச்சொல் காக்கிறது என்பது உண்மையே. ஆனால் மரத்தைச் செதுக்குகிறவனுக்கு மரத்தின் சம்மதம் தேவையில்லை, நடிகனைப் பயிற்றுகிறவருக்கு அவன் மனம் ஒத்துழைத்தாலன்றி ஒன்றும் ஆகாது என்ற வேற்றுமையை அச்சொல்லால் தாங்க முடியாது. ஷேக்ஸ்பியரின் நாடகங்களை அவர் மறைந்து ஏழாண்டுகளுக்குப் பின், 1623இல், தொகுத்து அச்சிட்டவர்கள் அவருடன் நடித்த ஹெமிஞ்சும் காண்டெலும் என்பதையும், அத்தொகுதியின் 36 நாடகங்களில் பாதி அதுவரை அச்சேறாதவை என்பதையும் இங்கே நினைக்கவேண்டும். மேடைக் கவியின் ஏடு அவருடைய சகாக்களின் கையில்தான் பிழைத்தது. ஜெர்மனியில் லெஸ்ஸிங் 1767இல் ஹாம்பர்க் தேசிய நாடக அரங்கில் டிராமதுர்க் என்ற பொறுப்பை ஏற்று 104 இதழ்களாக எழுதிய விமர்சனங்கள் ஒரு சாஸ்திரமாகவே போற்றப்படுகின்றன. ஆரம்ப இதழ்களில் அவர் நடிகர்களின் நடிப்பையும் ஆராய்ந்தார். அவர்கள் மனம் கோணவே அந்தப் பகுதியை நிறுத்திக்கொண்டார். கற்பிக்கும் ஸ்தானம் இல்லாதவர் எவ்வளவு பெரிய மேதையானாலும் நடிகனுக்கு வெளியே நின்றுதான் பேசவேண்டியிருக்கிறது.

தமிழில் இந்தப் பிரிவினை எப்போது தோன்றிற்று என்று தேடினால் 1891ஆம் ஆண்டில் போய் நிற்கிறோம். திருவனந்தபுரத்தில் பேராசிரியராயிருந்த பெ. சுந்தரம் பிள்ளையின் மனோன்மணீயம் அந்த ஆண்டில் வெளிவந்தது. சென்னையில் பம்மல் சம்பந்த முதலியாரும் நண்பர்களும் சுகுண விலாச சபையைத் தொடங்கியதும் அதே ஆண்டில்தான். முன்னது படித்து இன்புறுவதற்குரிய நாடகம் என்றே பெயர் பெற்றது. அதன் ஆசிரியர் எந்த நடிகனுக்கும் பாடம் சொல்லவில்லை. ஆறாண்டுகளில் பரிதிமாற் கலைஞரின் நாடகவியல் வெளிவந்து, நாடகாசிரியர் புலவர் என்ற நிலைக்கு இலக்கணமும் கிடைத்தது. இவ்விருவரின் தமிழ்த்தொண்டு மிகப் பெரியது. அதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் நாடகாசிரியர் என்ற பெயரிலுள்ள ஆசிரியர் என்ற பகுதி போதகாசிரியரை விட்டு விலகி நூலாசிரியரோடு மட்டும் நிற்கத் தொடங்கியது அங்கேதான். சம்பந்த முதலியார் அவ்வாறு விலகவில்லை. வக்கீலாகவும் பின்னர் நீதிபதியாகவும் உத்தியோகம் பார்த்த அவர், சபையில் கண்டக்டர் என்ற பெயரில் நடிகர்களைப் பழக்கும் பொறுப்பை ஏற்றிருந்தார்; தம் நாயகிப் பாத்திரங்களை நண்பர் ரங்கவடிவேலுவின் நடிப்பை மனத்தில் கொண்டே எழுதினார்; நடிப்புக் கலையில் தேர்ச்சி பெறுவது எப்படி என்று தனி நூலும் செய்தார். யாழ்ப்பாணத்துக் கலையரசு சொர்ணலிங்கம் அவரைத் தம் குருவாகப் போற்றினார். எழுதியவை 90க்கு மேல் என்ற கணக்கைத்தான் அவரைப் பற்றி முதலில் சொல்கிறோம். பழக்கிய கைகளைப் பற்றிச் சொல்ல மறந்துவிடுகிறோம்.

பேசும் படம் வந்த பிறகு கதை ஒருவர், வசனம் ஒருவர், பாட்டு ஒருவர், டைரக்ஷன் ஒருவர் என்று பாகப்பிரிவினை முற்றுப்பெற்றது. வசனகர்த்தா என்ற புதுப்பெயர் பெரும் செல்வாக்குப் பெற்றது. வசனத்தைச் சொல்லிக் கொடுப்பது உதவியாளரின் வேலையாயிற்று. இதைப் பற்றி அதிகம் வருந்துவதில் பயனில்லை, அந்தக் கலையின் இயந்திர அமைப்பே அப்படிப்பட்டது. மேடை நாடகத்துக்கு அந்த நிர்ப்பந்தம் இல்லை. அதனால்தான் பழைய வழக்கைப் புதுப்பித்தவர்களின் முயற்சி என்னை ஈர்க்கிறது. ந. முத்துசாமி 1977இல் கூத்துப்பட்டறையைத் தொடங்கியபோது, தாம் எழுதியதை நடிக்கும் நடிகர்களை வளர்ப்பதையும் தம் எழுத்தின் பகுதியாகவே கொண்டார். புரிசைக் கண்ணப்ப தம்பிரானிடம் கூத்தின் இலக்கணத்தைத் தேடிப் போனதும் அந்த எண்ணத்தாலேயே. பேராசிரியர் சே. இராமானுஜம், வெறியாட்டம் முதலிய நாடகங்களை இயற்றியதோடு, காந்திகிராமத்திலும் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்திலும் மாணவர்களைப் பயிற்றினார். அவருடைய நாடகங்களைப் பற்றி எழுதப்படும் கட்டுரைகளைவிட அவரிடம் பயின்றவர்களின் மேடையசைவுகளில் அவருடைய ஆக்கம் அதிகமாகத் தெரிகிறது என்று சொல்வதில் மிகையில்லை.

ஆராய்ச்சியாளருக்கு இதிலிருந்து எழும் கடமை ஒன்று உண்டு. சங்கரதாஸ் சுவாமிகள் சுமார் 40 நாடகங்கள் இயற்றினார் என்பார்கள்; நமக்குக் கிடைப்பவை பாதியளவே. கிடைப்பவற்றுள்ளும் எது அவர் கைப்பட்ட வடிவம், எது மாணவர் வாயில் வளர்ந்தது என்று பிரித்தறிய நாம் பெரும்பாலும் அச்சுப் புத்தகங்களையே நம்பியிருக்கிறோம். ஏட்டுச் சுவடிகளைப் பதிப்பித்த பெரியோர் ஒரே செய்யுளுக்கு வெவ்வேறு சுவடிகளில் கண்ட வடிவங்களைப் பாடபேதம் என்று அடிக்குறிப்பில் காட்டினார்கள். கம்பெனிக்காரர்கள் பாடம் என்றதும் பதிப்பாசிரியர்கள் பாடம் என்றதும் ஒரே சொல்தான்; ஆனால் நாடகப் பாடத்துக்கு நடிகனின் மனமே சுவடி. வள்ளி திருமணத்தின் ஒரு பாட்டை மதுரைப் பரம்பரையினர் பாடும் வடிவமும் புதுக்கோட்டைப் பரம்பரையினர் பாடும் வடிவமும் வேறுபடுமானால், இரண்டையும் பாடபேதங்களாகக் குறித்து, பாடியவர் யார், அவருக்கு அதைக் கற்பித்த வாத்தியார் யார், அவருக்குக் கற்பித்தவர் யார் என்று பின்னோக்கிச் சென்று பதிப்பிக்கவேண்டும். வள்ளியும் நாரதரும் செய்யும் தர்க்கத்தைப் போல நடிகர்கள் தம் சாமர்த்தியத்தால் விரித்துக்கொள்ளும் பகுதிகளில், எவ்வளவு தூரம் விரிக்க வாத்தியார் இடம் கொடுத்தார் என்பதையும் கேட்டு எழுதவேண்டும். இந்தப் பாடங்களை வாய்மொழியாகக் கேட்டவர்கள் தென்பாண்டித் திருவிழாக்களில் இன்னமும் மேடையேறி வருகிறார்கள். பதிப்பு வேலையை அவர்கள் வீட்டு வாசலிலிருந்து தொடங்க வேண்டும்.